வீதியோரத்து இரும்புப் பம்பிக்குச் சொந்தக்காரர் யார்?

வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் கைப்பம்பி பூட்டிய குழாய்க்கிணற்றை வீதியோரத்தில் காணாதவர் இல்லை. சில இன்றும் தண்ணீர் தருகின்றன. வேறு சில, கைபிடி கழன்று, அடிக்கட்டு வெடித்து, பற்றைக்குள் நிற்கின்றன. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இவை நன்கு பழக்கமானவை. முகாம்களில் விடியற்புறம் வாளியும் குடமுமாக வரிசையில் நின்றது இவற்றின் முன்னால்தான். சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள், பழைய கிணறு தூர்ந்து கிடக்க, முதல் வாளி தண்ணீர் பிடித்ததும் பல இடங்களில் இவற்றில்தான்.

ஒரு பம்பி பத்து வருடம் உழைக்கிறது. அதே மாதிரியில் செய்த இன்னொன்று ஒரு வருடத்தில் படுத்துவிடுகிறது. இரும்பைக் குறை சொல்வது இலகு. ஆனால் இந்தப் பம்பிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இதற்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியே திரும்பத் திரும்ப எழுகிறது. மீள்குடியேறிய கிராமங்களிலும், இன்னும் தம் காணிக்குத் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்கள் மத்தியிலும் கூடிப் பேசவேண்டிய கேள்வி இது.

நாம் ஏற்கெனவே அறிந்த முறை

யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் பழைய நீரிறைப்பு முறை துலா. ஆடுகால் நட்டு, துலா ஏற்றி, ஒருவர் துலா மிதிக்க மற்றவர் பட்டை பிடித்து இறைத்த காலத்தை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தத் துலாவில் பழுதாகக்கூடிய ஒவ்வொரு பாகமும் ஊரிலேயே கிடைத்தது. மரம் வளவில் நின்றது. பட்டை பனையோலையில் இழைத்தது. கயிறு அறுந்தால் அன்று மாலையே புதுக் கயிறு போட்டார்கள். அதற்காக எந்தத் திணைக்களத்துக்கும் மனு எழுதவில்லை.

அதைவிட முக்கியமானது பங்கு. ஒரே கிணற்றில் பல குடும்பங்களுக்குப் பங்கு இருக்கும். யார் எந்த நாளில் இறைப்பது என்ற முறை இருக்கும். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். பிணக்கு வராமல் இருந்தது என்று சொல்லமுடியாது. நீதிமன்றம் வரை போன வழக்குகளும் உண்டு. ஆயினும் கிணறு யாருடையது, யார் அதைத் துப்புரவாக்குவது என்பதில் மயக்கம் இருக்கவில்லை. இந்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டு பம்பியின் கதையைப் பார்ப்போம்.

பண்ணை முற்றத்திலிருந்து வந்த பம்பி

வார்ப்பிரும்பில் செய்த கைப்பம்பி, 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய ஒரு பொருள். பண்ணை வீட்டு முற்றத்திலும் கிராமச் சந்தியிலும் அது நின்றது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றினால் பம்பியின் உடலும் கைபிடியும் வேண்டிய வடிவத்தில் கிடைத்துவிடும். ஆதலால் விலை குறைவு, செய்வதும் இலகு.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஓர் உருளைக்குள் ஒரு பிஸ்ரன் மேலும் கீழும் போய்வரும். பிஸ்ரனைச் சுற்றிக் கிண்ணம் போல மடித்த தோல் வாசர் இருக்கும். அது உருளையின் சுவரோடு ஒட்டி நின்று காற்றும் தண்ணீரும் ஒழுகாமல் தடுக்கும். அடியில் ஒரு வால்வு. பிஸ்ரன் மேலே வரும்போது அந்த வால்வு திறந்து தண்ணீர் உள்ளே வரும். கீழே போகும்போது மூடிக்கொள்ளும். உருளை நிலத்துக்கு மேலே இருந்தால் அது உறிஞ்சும் பம்பி. அப்படிப்பட்ட பம்பி ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை எடுக்காது. காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது, அந்த அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைவிட ஆழமென்றால் உருளையைக் குழாய்க்கிணற்றுக்குள் தண்ணீருக்கு அடியில் இறக்கி, நீண்ட இரும்புக் கம்பியால் மேலிருந்து இயக்கவேண்டும்.

வார்ப்பிரும்புக்கு ஒரு குணம். பாரத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. கைபிடி திரும்பத் திரும்ப மோதினால் வெடிக்கும். வெடித்த வார்ப்பிரும்பை ஊர்ப் பட்டறையில் ஒட்டுவதும் கடினம். இருந்தும் பண்ணை வீட்டில் அது நெடுங்காலம் உழைத்தது. ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் உள்ள வீடு, ஆளுக்கு 40 லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 240 லீற்றர். நிமிடத்துக்கு 17 லீற்றர் தரும் பம்பியில் அதை எடுக்கக் கால் மணித்தியாலம் போதும்.

அதே பம்பியை 500 பேர் உள்ள முகாமில் வையுங்கள். ஆளுக்கு 15 லீற்றர் மட்டும் கொடுத்தாலும் 7,500 லீற்றர் வேண்டும். பம்பி ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஓயாமல் அடிபடும். வீட்டுப் பம்பி முப்பது வருடத்தில் தேயும் தேய்வு, முகாம் பம்பிக்கு ஒரே வருடத்தில் வந்துவிடுகிறது. பொதுப் பம்பி பழுதாவதற்குச் சனங்களின் கவனக்குறைவே காரணம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

பீகார் வரட்சி கற்பித்த பாடம்

இந்தக் கணக்கைப் பாராமல் விட்டதன் விளைவை இந்தியா பெரிய அளவில் அனுபவித்தது. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கொடிய வரட்சி. திறந்த கிணறுகள் வற்றின. கருங்கல் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெவ் நிறுவனம் விமானத்தில் கொண்டுவந்தது. அதன்பின் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. ஆனால் அவற்றின்மேல் பூட்டியவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வீட்டுப் பம்பிகளைப் பார்த்துச் செய்த வார்ப்பிரும்புப் பம்பிகளே. 1974 ஆம் ஆண்டளவில் கணக்கெடுத்தபோது, நான்கு பம்பிகளில் மூன்று வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. துளைத்த கிணறு இருந்தது, அடியில் தண்ணீரும் இருந்தது. சனங்களோ பழையபடி குளத்துக்கும் குட்டைக்கும் நடந்தார்கள்.

தீர்வின் முதல் அடி பெரிய ஆய்வுகூடத்தில் எடுக்கப்படவில்லை. மகாராஷ்டிர மாநிலத்தின் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் புரட்டஸ்தாந்து மிஷன்களின் நீர்த்திட்டங்களில் வேலை செய்தவர்கள், உடைந்த பம்பிகளைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சலித்துப்போய், வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். வார்ப்பிரும்பை விட்டு, ஒட்டித் திருத்தக்கூடிய உருக்கை எடுத்தார்கள். பல மூட்டுகளில் ஆடிய கைபிடியை ஒரே அச்சில் ஆடவைத்தார்கள். கம்பி பக்கவாட்டில் இழுபட்டுத் தேயாமல், நேராக ஏறி இறங்கும்படி சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

சோலாப்பூர் பம்பியை அடிப்படையாகக் கொண்டு, இந்திய அரசும் யுனிசெவ்வும் சென்னையிலிருந்த ரிச்சட்சன் அன்ட் குரூடாஸ் என்ற அரசாங்கக் கம்பனியும் 1970களின் நடுப்பகுதியில் புதிய பம்பி ஒன்றை உருவாக்கின. கோயம்புத்தூரை அண்டிய கிராமங்களில் அதைப் பூட்டி, சனங்கள் நாள்முழுதும் அடித்துப் பார்க்கவிட்டார்கள். 'இந்தியா மார்க் 2' என்று பெயர்பெற்ற அந்தப் பம்பி, 45 மீற்றர் ஆழம் வரையிலிருந்து தண்ணீர் எடுக்கக்கூடியது. பின்னர் ஆசியா, ஆபிரிக்கா எங்கும் இலட்சக்கணக்கில் பூட்டப்பட்டது. நம் நாட்டின் வறண்ட பிரதேசங்களிலும் இந்த வகைப் பம்பி பரவலாக நிற்கிறது. சதுரப் பெட்டி போன்ற தலையும், நீண்ட கைபிடியும், உள்ளே சங்கிலியும் உள்ளது அதுதான்.

திருத்துவது யார்?

பலமான பம்பி வந்ததும் பிரச்சினை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் உருக்குப் பம்பியிலும் தோல் வாசர் தேயத்தான் செய்யும். தேய்ந்த வாசரை மாற்ற, 3 மீற்றர் நீளமான குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முழுவதையும் மேலே இழுக்கவேண்டும். 30 மீற்றர் ஆழமென்றால் பத்துக் குழாய். அதற்குப் பல ஆட்களும் தனி உபகரணங்களும் தேவை. தமிழ்நாட்டில் இதற்கென மூன்று அடுக்கு ஒழுங்கு செய்தார்கள். கிராமத்தில் ஒரு பராமரிப்பாளர், வட்டாரத்தில் ஒரு திருத்துநர், மாவட்டத்தில் வாகனத்தோடு ஒரு குழு. தகவல் போய், வாகனம் வந்து சேரும்வரை கிராமம் காத்திருந்தது.

ஐக்கிய நாடுகள் சபை 1981 முதல் 1990 வரையான காலத்தைக் குடிநீர், சுகாதாரத்துக்கான தசாப்தமாக அறிவித்தது. அக்காலத்தில் உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் பல நாடுகளில் கைப்பம்பிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தன. ஒரு பம்பி எவ்வளவு காலம் உடையாமல் நிற்கும் என்று மட்டும் பாராமல், உடைந்தபின் எத்தனை நாளில் ஊரார் திருத்துவார்கள் என்றும் பார்க்கத் தொடங்கினார்கள். வருடத்தில் இரண்டு தரம் உடைந்து மறுநாளே திருத்தப்படும் பம்பி, மூன்று வருடத்துக்கு ஒருதரம் உடைந்து ஆறு மாதம் கிடக்கும் பம்பியிலும் பார்க்கப் பயனுள்ளது என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது. மறுபடியும் கோயம்புத்தூர் கிராமங்களிலேயே பரீட்சித்து 'இந்தியா மார்க் 3' உருவாகியது. அதில் குழாய் சற்று அகலமானது. ஆகவே குழாயை நிலத்துக்குள் விட்டுவிட்டு, பிஸ்ரனை மட்டும் கம்பியோடு மேலே எடுத்து வாசர் மாற்றலாம். தோலுக்குப் பதிலாக அதிக காலம் உழைக்கும் செயற்கை இறப்பர் வாசரும் வந்தது.

இந்த வேலையை ஆண்கள்தான் செய்யமுடியும் என்ற எண்ணமும் உடைந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாண்டா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், எழுத வாசிக்கத் தெரியாத ஏழைப் பெண்கள் பலர் பம்பி திருத்தப் பயிற்சி பெற்றார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் நடப்பவள் பெண். பம்பி படுத்துவிட்டது என்பது முதலில் தெரிவதும் அவளுக்குத்தான். ஸ்பனர் அவள் கையில் இருந்தால் காத்திருக்கும் நாட்கள் குறையும்.

சிம்பாப்வே நாட்டின் 'புஷ் பம்பி' இன்னொரு நல்ல உதாரணம். 1933 இல் மர்கட்ரொய்ட் என்பவர் வடிவமைத்த பம்பி அது. கைபிடி ஆடும் இடத்தில் விலையுயர்ந்த பெயாரிங் இல்லை. எண்ணெயில் அவித்த கடினமான மரக்கட்டை ஒன்று இருக்கும். தேய்ந்தால் வேறு கட்டை போடலாம். பலமுறை மேம்படுத்தப்பட்டு, இன்றும் அந்நாட்டுக் கிராமங்களில் அது நிற்கிறது. நம் துலாவின் புத்தியும் இதுவேதான். உடையும் பாகம் ஊரில் கிடைக்கவேண்டும்.

களுபோவிலவிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கவலை இல்லை. கொழும்புக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து 1880களில் குழாய்வழி தண்ணீர் வரத் தொடங்கியது. இன்று பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரும்; வராவிட்டால் நீர் வழங்கல் சபைக்கு முறையிடலாம். மாதாமாதம் பட்டியல் அனுப்பும் அந்தச் சபையே குழாயையும் திருத்துகிறது. வீதியோரப் பம்பிக்குப் பட்டியல் வராது. திருத்துவதற்கு ஆளும் வராது. இலவசமாகக் கிடைத்த பொருளின் மறைந்த விலை இது. பூட்டிய நிறுவனம் திட்டம் முடிந்து போய்விடும். பிரதேச சபையின் பட்டியலில் அந்தப் பம்பி இருக்கவும் கூடும், இல்லாமலும் போகக்கூடும்.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

உலகில் மிகப் பிரசித்தமான வீதியோரப் பம்பி இலண்டனில், புரோட் வீதியில் இருந்தது. 1854 ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் அப்பகுதியில் வாந்திபேதி பரவி, 600 பேருக்கு மேல் இறந்தார்கள். வைத்தியர் ஜோன் ஸ்நோ, இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கிட்டு, பெரும்பாலானோர் அந்தப் பம்பியின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். செப்டெம்பர் 8 ஆம் திகதி அதன் கைபிடி கழற்றப்பட்டது. அயலில் குருவாக இருந்த ஹென்றி வைற்ஹெட் முதலில் இதை நம்பவில்லை. ஸ்நோ சொன்னது பிழையென்று காட்டுவதற்காகவே வீடுவீடாகச் சென்று விசாரித்தார். விசாரணை முடிவில் ஸ்நோ சொன்னது சரியென்று கண்டார். நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளைக் கழுவிய தண்ணீர், பம்பிக் கிணற்றுக்கு மிக அருகில் இருந்த மலக்குழிக்குள் போயிருந்தது. குழியின் செங்கற்கட்டு இற்று, கழிவு கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

அந்தப் பம்பித் தண்ணீர் தெளிவானது, ருசியானது என்று பேர்பெற்றது. தூர இடத்துக்கு வீடு மாறிப் போன ஒரு மூதாட்டி, ருசிக்காக அதைப் போத்தலில் எடுப்பித்துக் குடித்தார். அவரும் இறந்தார்.

பங்களாதேஷில் இதைவிடப் பெரிய துயரம் நடந்தது. குளத்துத் தண்ணீரால் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் இறப்பதைத் தடுக்க, 1970கள் முதல் இலட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. அவற்றில் நின்றது வார்ப்பிரும்பில் செய்த சிறிய உறிஞ்சும் பம்பி. அந்நாட்டு வார்ப்பட்டறைகளிலேயே செய்யப்பட்டதால், உதிரிப்பாகத்துக்குக் குறையிருக்கவில்லை. பம்பி நன்றாக வேலை செய்தது. தண்ணீரில் ஆசனிக் என்ற நஞ்சு இருந்ததை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. 1993 இல் அது தெரியவந்தது. 2000 ஆம் ஆண்டையடுத்து ஏறத்தாழ 50 இலட்சம் குழாய்க்கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றின் பம்பிக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். கிட்டத்தட்ட பத்தில் மூன்று சிவப்பாயின.

நம் மண்ணிலும் எச்சரிக்கை வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே பசளையும் மலசலகூடக் கழிவும் நிலத்தடி நீரில் சேர்கின்றன. அதனால் நைத்திரேற்று கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பது ஆபத்து. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. வவுனியா, அனுராதபுரம் போன்ற வறண்ட பகுதிகளின் ஆழமான குழாய்க்கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு அதிகம். இது பிள்ளைகளின் பற்களில் கறையாகத் தெரியும். இதற்கான எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். 1990கள் முதல் வடமத்திய மாகாணத்துக் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயின் காரணம் இன்னும் முழுமையாக முடிவாகவில்லை. ஆனால் குடிநீர் பற்றிய சந்தேகம் நீங்கவில்லை. ஆகவே குழாய்க்கிணறு தோண்டியதும் தண்ணீரைச் சோதித்து, முடிவை எழுத்தில் கேட்பது நம் உரிமை.

கைபிடியில் யார் கை வைக்கலாம்?

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் பேசவேண்டும். நம் ஊர்களில் கிணற்றுக்கட்டில் ஏறக்கூடாது என்று சாதியின் பேரால் தடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். மற்றவர் இரங்கி வாளியில் ஊற்றும்வரை அவர்கள் நின்றார்கள். இந்தியாவில் மஹாட் என்ற ஊரில் 1927 மார்ச் 20 ஆம் திகதி டொக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய்ப் பொதுக் குளத்துத் தண்ணீரை அருந்தியது, அந்தத் தடையை உடைப்பதற்காகவே. தனியார் வளவுக்குள் இருக்கும் கிணற்றைவிட வீதியோரத்துப் பொதுப் பம்பிக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கே எவரும் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. முகாமில் எல்லாரும் ஒரே கைபிடியைப் பிடித்தோம். ஊருக்குத் திரும்பியபின் புதுப் பம்பியை எங்கே பூட்டுவது என்று தீர்மானிக்கும்போது, அது செல்வாக்குள்ள ஒருவரின் படலைக்குள் போய்விடாமல் பார்க்கவேண்டும். போனால், பழைய தடை புதிய இரும்போடு திரும்பி வரும்.

பம்பி வருமுன் கேட்கவேண்டியவை

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஐக்கிய நாடுகள் சபையின் வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998 இல் வெளிவந்தன. அவற்றின் 18 ஆவது கோட்பாடு பாதுகாப்பான குடிநீரை இடம்பெயர்ந்தோரின் உரிமையாகச் சொல்கிறது. அதைத் திட்டமிடுவதிலும் பங்கிடுவதிலும் பெண்கள் முழுமையாகப் பங்குகொள்ளவேண்டும் என்றும் சொல்கிறது. 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக அங்கீகரித்தது. ஆகவே அதிகாரியிடமோ நிறுவனத்திடமோ பின்வருவனவற்றைக் கேட்பதற்கு நீங்கள் தயங்கவேண்டியதில்லை.

1. எத்தனை பேருக்கு ஒரு பம்பி? நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் கைந்நூல், ஒரு கைப்பம்பிக்கு 500 பேருக்கு மேற்படக்கூடாது என்றும், வீட்டிலிருந்து 500 மீற்றருக்குள் தண்ணீர் இருக்கவேண்டும் என்றும், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்றும் சொல்கிறது. இது அவசர காலத்துக்கான ஆகக் குறைந்த அளவு. குடியேறிய கிராமத்தில் இதைவிட நல்ல நிலை வேண்டும்.

2. மலசலகூடக் குழி எவ்வளவு தூரம்? குறைந்தது 30 மீற்றர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதற்கும் கூடுதலாக.

3. தண்ணீரைச் சோதித்தவர் யார்? முடிவு எங்கே?

4. இது எந்த வகைப் பம்பி? இதன் வாசர், சங்கிலி, பெயாரிங் எந்தக் கடையில், என்ன விலைக்குக் கிடைக்கும்? கடை கிட்டிய பட்டினத்தில் இல்லையென்றால், முதல் இரண்டு வருடத்துக்கான உதிரிப்பாகங்களைப் பம்பியோடு சேர்த்துக் கேளுங்கள்.

5. ஸ்பனரும் தூக்கும் உபகரணமும் யார் கையில் இருக்கும்? பயிற்சி பெறும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பாரா?

6. பம்பி நிற்கும் நிலம் யாருடையது? பொது நிலமென்று எழுத்தில் உண்டா?

இந்த ஆறுக்கும் விடை கிடைத்தபின், நாம் செய்யவேண்டியதும் உண்டு. உதிரிப்பாகத்தின் விலையை விசாரித்து, வருடத்துக்கு எவ்வளவு வேண்டுமென்று கணக்கிட்டு, பம்பியைப் பாவிக்கும் குடும்பங்களுக்குள் பங்கிடுங்கள். பணம் மாதர் சங்கத்தின் கணக்கில் இருக்கட்டும். வருமானமில்லாத விதவைக் குடும்பத்துக்கு விலக்குக் கொடுங்கள். அவர்களின் பங்கை மற்றவர்கள் சுமக்கலாம். சங்கிலிக்குக் கிறீஸ் பூசவும் நட்டுகளை இறுக்கவும் வாரமுறை போடுங்கள். சீமெந்துத் தளத்தில் வெடிப்பு வந்தால் உடனே அடையுங்கள். அதன் வழியே அழுக்கு நீர் கிணற்றுக்குள் இறங்கும். வழிந்தோடும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடுங்கள். கைபிடியை அரைகுறையாகக் குத்தாமல், நீளமாகவும் சீராகவும் அடிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

பம்பி படுப்பதற்கு முன்னரே அறிகுறி காட்டும். பலதரம் அடித்தபின்னரே தண்ணீர் வந்தால் அடிவால்வு ஒழுகுகிறது அல்லது குழாய் மூட்டு கசிகிறது. ஒவ்வோர் அடிக்கும் வரும் தண்ணீர் வரவரக் குறைந்தால் வாசர் தேய்கிறது. கைபிடி இடம் வலமாக ஆடினால் பெயாரிங் போகிறது. விடியற்காலை முதல் வாளி சிவப்பாக வந்தால் குழாய் துருப்பிடிக்கிறது. தண்ணீரில் இரும்பு கூடியிருக்கவும் கூடும். மழைக்குப்பின் கலங்கினால் தளமோ மேற்குழாயோ வெடித்திருக்கிறது. திருத்தி, குளோரின் போட்டுச் சுத்தமாக்கும்வரை அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

இடம்பெயர்வு நம் குடும்பங்களிடமிருந்து காணியையும் மாட்டையும் விதைநெல்லையும் பறித்தது. வருடக்கணக்காக வரிசையில் நின்று வாங்கிய வாழ்வு இன்னொன்றையும் பறித்தது. எதையும் மற்றவர் தரவேண்டும், பழுதானால் மற்றவர் வந்து திருத்தவேண்டும் என்ற பழக்கம் சிலரிடம் படிந்துவிட்டது. அவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. அந்த வாழ்வை அவர்கள் விரும்பித் தேடவில்லை. ஆனால் கிணற்றுப் பங்கை உறுதியில் எழுதி, முறை வைத்து இறைத்து, கயிறு அறுந்த அன்றே மாற்றிய சனங்களும் இதே சனங்கள்தான். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பம்பியை நிகழ்ச்சிநிரலில் முதலாவதாக வையுங்கள். பங்குகாரர் யார் யார் என்று பெயர் எழுதுங்கள். பெட்டியைத் திறக்கும் ஸ்பனர் எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியட்டும்.